இரத்த அணுக் கணக்கும் மணிக்கட்டுக் காயமும்

உழைத்து உண்ணும் மனிதனுக்குக் கை வெறும் உறுப்பன்று. அதுவே அவனுடைய முதல். ஹூக்ளி நதியின் இரு கரைகளிலும் உள்ள சணல் ஆலைகளிலும், ஹவுராவின் வார்ப்படச் சாலைகளிலும், சிறு பட்டறைகளிலும் எண்ணற்ற குடும்பங்கள் கையின் திறமையை நம்பியே வாழ்கின்றன. தமிழ்நாட்டில் ஆயுத பூஜையன்று கருவிகளுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுவதைப் போல, வங்காளத்தில் செப்டம்பர் மாதத்தில் வரும் விசுவகர்ம பூஜையன்று ஆலை இயந்திரங்களுக்குப் பூசை நிகழ்கிறது. அன்று கொல்கத்தாவின் வானமெங்கும் காற்றாடிகள் பறக்கும். பூசைக்குரிய அந்த இயந்திரமும், கண்ணாடித் தூள் பூசிய அந்த மாஞ்சா நூலும் கண நேரத்தில் தசையை அறுத்துவிடக் கூடியவை. உடைந்த கண்ணாடியும், தகட்டின் விளிம்பும், வீட்டு அரிவாளும் அவ்வாறே.

மணிக்கட்டில் தமனி அறுபட்டு, அது தைத்து இணைக்கப்பட்ட பின்னர், அந்தக் கை நன்கு குணமடையுமா என்பதை முன்கூட்டியே அறிய வழி உண்டா? எந்த மருத்துவமனையிலும் குறைந்த செலவில் செய்யக்கூடிய இரத்த அணுக் கணக்கிலிருந்தே இக்கேள்விக்கு விடை தேட அண்மைக் காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் முயன்று வருகின்றனர். இம்முயற்சி வரவேற்கத்தக்கதே. ஆயினும், இந்த எண்ணுக்கு உரிய இடம் எது, உரியதல்லாத இடம் எது என்பதை வரையறுத்துக் கொள்ளாவிடில், நன்மையைக் காட்டிலும் தீமையே மிகும். இக்கருத்தைக் களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் ஆராய்ந்து பார்ப்பது நலம்.

மணிக்கட்டின் அமைப்பு

வைத்தியர் நாடி பார்க்கும் இடத்தில், கட்டைவிரற் பக்கமாக ஓடுவது ஆரைத் தமனி. சுண்டுவிரற் பக்கமாக ஓடுவது முழங்கைத் தமனி. இவ்விரண்டும் உள்ளங்கையில் வளைவுகளாக ஒன்றோடொன்று சேர்கின்றன. இவ்வளைவுகள் முழுமையாக அமைந்திருப்பின், ஒரு தமனி அறுபட்டாலும் மற்றது கைக்கு இரத்தத்தை ஊட்டிவிடும். எல்லோரிடத்திலும் அவை முழுமையாக அமைவதில்லை. மணிக்கட்டில் தமனியை விரலால் அழுத்தி, உள்ளங்கை சிவப்பதைக் கவனிக்கும் சோதனையை எட்கர் ஆலன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1929-ஆம் ஆண்டில் வெளியிட்டார். கருவி எதுவும் வேண்டாத அச்சோதனை இன்றும் வழக்கில் இருக்கிறது.

அறுபட்ட தமனியைக் கட்டி நிறுத்துவதே நெடுங்கால வழக்கமாக இருந்தது. உயிரைக் காக்க அது உதவியது. உறுப்பை எப்பொழுதும் காக்கவில்லை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினருக்கு நேர்ந்த 2,471 தமனிக் காயங்களை டிபேக்கி, சிமியோன் ஆகியோர் ஆராய்ந்து 1946-இல் வெளியிட்டனர். தமனி கட்டப்பட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் அந்தக் கையையோ காலையோ இழந்தனர் என்பது அதனால் தெரிய வந்தது. கொரியப் போரில் தமனியைத் தைத்து இணைக்கும் முறை பரவலாகக் கைக்கொள்ளப்பட்டபோது, இவ்விழப்பு ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. தைக்கும் முறையை 1902-இல் வெளியிட்ட அலெக்சிஸ் காரெலுக்கு 1912-இல் நோபல் பரிசு கிடைத்திருந்தது. மணிக்கட்டுத் தமனியின் குறுக்களவோ இரண்டு மூன்று மில்லிமீட்டரே. 1960-இல் ஜேக்கப்சனும் சுவாரெஸும் நுண்பெருக்கியின் உதவியோடு இத்தகைய சிறு குழாய்களைத் தைத்துக் காட்டிய பின்னரே, தலைமயிரினும் மெல்லிய நூலால் தைக்கும் கலை உறுதி பெற்றது.

அணுக்களின் பணி

தைத்த இடத்தில் நிகழ்வது யாது? ஊசி சென்ற துளைகளிலும் இணைப்பின் விளிம்பிலும் சில நிமிடங்களுக்குள் தட்டணுக்கள் வந்து படிகின்றன. அவை சிறிதளவு படிதல் நன்று, கசிவு நிற்கும். மிகுதியாகப் படிந்தால் கட்டி உருவாகிக் குழாய் அடைபடும். இவ்வபாயம் முதல் இரண்டு மூன்று நாட்களிலேயே மிகுதி. அடுத்து வருபவை நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள். இவை கிருமிகளை விழுங்கும் காவலர்கள். தம்முள் இருக்கும் மரபுப் பொருளையே வலையாக வீசிக் கிருமிகளைப் பிடிக்கும் இவற்றின் செயல் 2004-இல் வெளியாயிற்று. அதே வலை இரத்தக் கட்டி வளரவும் பந்தலாக அமையக்கூடும் எனப் பின்னர் அறியப்பட்டது. லிம்ஃபோசைட் என்னும் மற்றொரு வகை வெள்ளணு, உடலின் எதிர்ப்பை நெறிப்படுத்துவது. உடல் பெரும் அதிர்ச்சிக்கு உள்ளாகும்போது, அட்ரினலின், கார்ட்டிசால் ஆகிய சுரப்புநீர்களின் விளைவாக இரத்தத்தில் நியூட்ரோஃபில் பெருகுகிறது, லிம்ஃபோசைட் குறைகிறது.

ஆகவே, நியூட்ரோஃபில்களின் தொகையை லிம்ஃபோசைட்டுகளின் தொகையால் வகுத்தால், உடலின் கொந்தளிப்பை ஓரளவு காட்டும் ஓர் எண் கிடைக்கிறது. தட்டணுக்களை லிம்ஃபோசைட்டுகளால் வகுத்துப் பெறுவது மற்றோர் எண். தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம் முதல் விகிதத்தின் பயனை 2001-இல் ஸ்லோவாக்கிய மருத்துவர் சாஹோரெக் எடுத்துரைத்தார். அதன் பின்னர் இதய நோய், கால் தமனி நோய், புற்றுநோய் எனப் பல துறைகளிலும் இவ்விகிதங்கள் ஆராயப்பட்டன. மணிக்கட்டுத் தமனியைத் தைத்த பின் அது திறந்திருக்குமா, அடைபடுமா என்பதற்கும் இவற்றைப் பயன்படுத்தலாமா என்பதே இப்போதைய கேள்வி.

கல்கத்தா கற்பித்த பாடம்

அணுக்களின் விகிதத்தைக் கொண்டு நோயை அறியும் முயற்சி கொல்கத்தாவுக்குப் புதிதன்று. நூறாண்டுகளுக்கு முன்னரே அந்நகரம் இதில் ஒரு பாடம் கற்றது. நகரை அடுத்த டம்டமில் தங்கியிருந்த படைவீரன் ஒருவன் நோயுற்று இங்கிலாந்தில் 1900-இல் இறந்தான். அவனுடைய மண்ணீரலில் லீஷ்மன் புதிய ஒட்டுண்ணியைக் கண்டு, 1903-இல் அதனை வெளியிட்டார். அதே ஆண்டில் சென்னையில் டோனோவன் என்பவரும் அதனைக் கண்டார். இருவர் பெயரையும் தாங்கிய அவ்வொட்டுண்ணியே காலா அசார் நோய்க்குக் காரணம். லீஷ்மன் 1901-இல் அமைத்த சாயமே இன்றும் நம் நாட்டின் பரிசோதனைச் சாலைகளில் வெள்ளணுக்களை வகை பிரித்து எண்ணுவதற்குப் பயன்படுகிறது. ஒரு சாயப் புட்டியில் இவ்வளவு வரலாறு அடங்கியிருக்கிறது.

அக்காலத்தில் கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் நோயியல் பேராசிரியராக விளங்கிய லியோனார்டு ராஜர்ஸ், காலா அசாரையும் மலேரியாவையும் பிரித்தறிய வெள்ளணுக் கணக்கைக் கைக்கொண்டார். உடல்நலமுள்ள ஒருவரின் இரத்தத்தில் ஏறத்தாழ 600 அல்லது 700 செவ்வணுக்களுக்கு ஒரு வெள்ளணு இருக்கும். காலா அசாரில் செவ்வணுக்கள் குறைவதைக் காட்டிலும் வெள்ளணுக்கள் மிகுதியாகக் குறைவதால் இவ்விகிதம் வெகுவாகச் சரிந்துவிடும். இக்குறிப்பு மருத்துவருக்குப் பெரிதும் உதவிற்று. ஆயினும், நோயை உறுதி செய்தது விகிதம் அன்று. மண்ணீரலிலிருந்து எடுத்த துளியில் ஒட்டுண்ணியைக் கண்ணாரக் கண்டதே ஆகும். விகிதம் வழியைக் காட்டியது. சான்றை நுண்பெருக்கி தந்தது. இந்த வேறுபாட்டை மறவாதிருப்பதே மணிக்கட்டுக் காயத்திலும் தேவையானது.

எண்ணின் குறைபாடுகள்

முதலாவதாக, இவ்விகிதம் பல காரணங்களால் உயரக் கூடியது. காயமும் அறுவை சிகிச்சையுமே அதை உயர்த்திவிடும். சீழ் பிடித்தல், புகை பிடித்தல், நீரிழிவு, ஸ்டீராய்டு மருந்து ஆகியவையும் உயர்த்தும். பெருங்காயம் பட்டு, நிறைய இரத்தம் இழந்து, நேரங்கழித்து வந்தவருக்கு விகிதம் உயர்ந்திருப்பது இயல்பு. அவருடைய தமனி அடைபடும் வாய்ப்பும் கூடுதல். ஆகவே, விகிதம் அடைப்புக்குக் காரணமா, அல்லது காயத்தின் கடுமையைக் காட்டும் நிழலா என்று கேட்டாக வேண்டும். நிழலைக் கொண்டு மரத்தின் உயரத்தை அளக்கலாம். நிழலை வெட்டினால் மரம் சாயாது.

இரண்டாவதாக, எண்ணும் முறையிலேயே பிழை உண்டு. சிற்றூர்ப் பரிசோதனைச் சாலைகள் பலவற்றில் நூறு வெள்ளணுக்களை எண்ணி வகைப்படுத்துவது வழக்கம். நூற்றில் 80 நியூட்ரோஃபில், 12 லிம்ஃபோசைட், 8 பிற வகைகள் எனக் கொள்வோம். விகிதம் 6.7 ஆகும். அதே இரத்தத்திலிருந்து வேறு நூறு அணுக்களை எண்ணினால், தற்செயலாகவே லிம்ஃபோசைட் 6 முதல் 18 வரை வேறுபடலாம். பிற வகைகள் மாறாதிருப்பின் விகிதம் 14 வரை ஏறலாம். 4 வரை இறங்கலாம். நோயாளி மாறவில்லை, நோயும் மாறவில்லை, எண் மட்டும் மும்மடங்குக்கு மேல் வேறுபட்டது. நானூறு அணுக்களை எண்ணினால் இவ்வேறுபாடு ஏறத்தாழ 5 முதல் 9 வரை என்னும் எல்லைக்குள் அடங்கும். பொறுமைக்கு இதைவிடச் சிறந்த பரிசு இல்லை.

தானியங்கிக் கருவிகள் ஆயிரக்கணக்கான அணுக்களை எண்ணுவதால் இப்பிழை அவற்றில் குறைவு. அவற்றுக்கும் வேறு குறைகள் உண்டு. குழாயில் சேர்க்கும் உறைவுத் தடைப் பொருளால் சிலருடைய தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கருவி அவற்றைக் குறைவாக எண்ணிவிடும். தலசீமியா போன்ற பரம்பரை இரத்த நோய்களில் கருவுள்ள செவ்வணுக்கள் இரத்தத்தில் தோன்றும். சில கருவிகள் அவற்றை லிம்ஃபோசைட் எனக் கணக்கிடும். வங்காளத்தில் ஹீமோகுளோபின் ஈ என்னும் மாற்று வகை பரவலாக உண்டு. 1950களில் கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஜோதிபூஷண் சட்டர்ஜி இதனை விரிவாக ஆராய்ந்தார். அத்தகைய மக்களிடையே கருவியின் எண்ணைக் கண்ணாடித் தகட்டில் சரிபார்க்காமல் ஏற்பது தவறு. மழைக்காலத்தில் டெங்கு பரவும்போது தட்டணுக்கள் வீழ்வதையும் கருதவேண்டும்.

மூன்றாவதாக, இரு விகிதங்களும் இரு தனிச் சாட்சிகள் அல்ல. ஒருவருக்கு நலமாயிருந்தபோது ஒரு கன மில்லிமீட்டரில் 8,000 வெள்ளணுக்கள் இருந்தன எனக் கொள்வோம். அவற்றில் நியூட்ரோஃபில் 4,800, லிம்ஃபோசைட் 2,400, தட்டணுக்கள் 2,40,000. முதல் விகிதம் 2. இரண்டாம் விகிதம் 100. அறுவைக்குப் பின் வெள்ளணுக்கள் 12,000 ஆகி, நியூட்ரோஃபில் 9,600, லிம்ஃபோசைட் 1,440 என மாறுகின்றன. தட்டணுக்கள் மாறவே இல்லை. இப்போது முதல் விகிதம் 6.7, இரண்டாம் விகிதம் 167. தட்டணு ஒன்றுகூடக் கூடாதபோதும் தட்டணு விகிதம் உயர்ந்துவிட்டது. ஏனெனில் இரண்டுக்கும் வகுக்கும் எண் ஒன்றே. இரண்டும் சேர்ந்து உயர்ந்ததால் சான்று இரட்டிப்பாயிற்று என்று எண்ணுவது, ஒரே மனிதர் இருமுறை சொன்னதை இருவர் சொன்னதாகக் கொள்வதற்கு ஒப்பாகும்.

ஒன்றோடொன்று தொடர்புடைய அளவுகளை எவ்வாறு சேர்த்துப் பார்ப்பது என்பதற்கு விடை கண்ட நகரமும் கல்கத்தாவே. அந்நகரத்து ஆங்கிலோ-இந்தியரின் உடலளவுகளை 1920களில் ஆராயத் தொடங்கிய பிரசாந்த சந்திர மகலநோபிஸ், 1931-இல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். 1936-இல் தம் பெயரால் வழங்கும் தொலைவு அளவையை முறைப்படுத்தினார். பல அளவுகளை, அவற்றுக்கிடையே உள்ள உறவுக்கு இடங்கொடுத்து, ஒருங்கே எடைபோடுவதே அதன் சாரம். ஒற்றை எண்ணில் தீர்ப்பைத் தேடும் ஆராய்ச்சியாளர் அவ்வழியைப் பின்பற்றுவது பொருத்தமாகும்.

நான்காவதாக, வீண் அச்சம். கணக்கு விளங்குவதற்காக ஓர் உதாரணத்தைக் கொள்வோம். நூறு பேருக்குத் தமனி தைக்கப்பட்டு, பத்துப் பேருக்கு அது அடைபடுகிறது. அந்தப் பத்தில் எட்டுப் பேரை விகிதம் சரியாகச் சுட்டுகிறது. எஞ்சிய தொண்ணூறில் பத்துக்கு மூன்று வீதம், அதாவது 27 பேரைத் தவறாகச் சுட்டுகிறது. எச்சரிக்கை பெற்றவர் 35 பேர்; உண்மையில் அடைப்புற்றவர் எட்டே பேர். அதாவது, எச்சரிக்கை பெற்ற நால்வரில் மூவருக்கு மேல் வீணாகக் கலங்குவர். இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்தை அவர்கள் அனைவருக்கும் மிகுதியாகக் கொடுத்தால், சிலருக்கு இரத்தக் கசிவே நேரிடக்கூடும். அன்றியும், எச்சரிக்கை பெறாத இருவருக்கும் அடைப்பு நேர்ந்துவிடுகிறது.

குணம் என்பது எது?

தமனி திறந்திருத்தல், புண் ஆறுதல், கை தொழில் செய்தல் ஆகிய மூன்றும் ஒன்றல்ல. தைத்த தமனி அடைபட்டாலும், மற்றத் தமனியின் வழியே இரத்தம் வந்து கை வெதுவெதுப்பாகவே இருக்கலாம். ஒலி அலைக் கருவியால் சோதித்தாலன்றி அவ்வடைப்பு வெளிப்படாது. ஆகவே, குணம் எனத் தாம் குறிப்பது எதனை என்று சொல்லாத ஆராய்ச்சியின் முடிவைக் கொண்டு ஒன்றும் செய்ய இயலாது.

மணிக்கட்டின் முன்புறத்தில் தமனிகளை ஒட்டியே விரல்களை மடக்கும் தசைநாண்களும், விரல்களுக்கு உணர்ச்சி தரும் நரம்புகளும் செல்கின்றன. ஒரே வெட்டில் அனைத்தும் அறுபடுவதுண்டு. தைத்த நரம்பு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வீதமே வளரும். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி 15 சென்டிமீட்டர் என்றால், உணர்ச்சி திரும்ப ஐந்து மாதங்களாவது ஆகும். தசைநாண் ஒட்டிக்கொள்ளாதிருக்க, பல வாரங்கள் முறையாக விரல்களைப் பயிற்ற வேண்டும். முதல் நாளின் இரத்த அணுக் கணக்கு இந்த நெடும் பயணத்தைப் பற்றி மிகச் சிறிதே கூற இயலும். நெசவாளிக்கும் தச்சருக்கும் வேண்டியது விரல் மடங்குவதும் ஊசியின் முனை உணரப்படுவதுமே.

செய்யத்தக்கது யாது?

இக்குறைபாடுகளைக் கருதி விகிதத்தை ஒதுக்கிவிட வேண்டும் என்று கொள்ளலாகாது. அதற்குத் தனிச் செலவில்லை. வழக்கமான இரத்தப் பரிசோதனையிலேயே அது அடங்கியிருக்கிறது. ஒருவருடைய எண்ணைப் பிறருடைய எல்லைக் கோட்டோடு ஒப்பிடுவதைக் காட்டிலும், அவருடைய முந்தைய எண்ணோடு ஒப்பிடுவது பயனுடையது. அறுவைக்குப் பின் உயர்ந்த விகிதம் நாளடைவில் இறங்க வேண்டும். இறங்காமல் நின்றாலோ, இறங்கி மீண்டும் ஏறினாலோ, சீழோ கட்டியோ உண்டா எனப் பார்க்க அது தூண்டும். இதுவே அதற்குரிய இடம். நகத்தை அழுத்தி விட்டபின் இரண்டு விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா, கை வெதுவெதுப்பாக இருக்கிறதா, நாடி தட்டுகிறதா என்று பார்க்கும் செவிலியின் கண்ணுக்கும் விரலுக்கும் அது துணையாகலாம், மாற்றாகாது. யாருக்குச் சிகிச்சை அளிப்பது, யாரை விடுவது என்று தீர்மானிக்கும் வாயிற்காவலனாக அதனை நிறுத்துவது அறவே கூடாது.

அனைத்துக்கும் மேலாக, இரத்தத்தில் காணப்படும் எந்த எண்ணைக் காட்டிலும் கடிகாரத்தின் எண்ணே முக்கியம். கைக்கு இரத்தம் செல்லாது நின்றுவிட்டால், ஆறு மணி நேரத்திற்குள் சிகிச்சை கிடைக்கவேண்டும் என்பது பொது விதி. 1992-இல் மேற்கு வங்காளத்தில் ரயிலிலிருந்து விழுந்து தலையில் காயமுற்ற விவசாயத் தொழிலாளி ஒருவர், இடமில்லை, வசதியில்லை என்று மருத்துவமனை மருத்துவமனையாகத் திருப்பி அனுப்பப்பட்டார். அவ்வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. அவசர காலத்தில் உரிய சிகிச்சை பெறுதல், அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு வழங்கும் வாழும் உரிமையில் அடங்கும் என்றும், பணமில்லை என்று கூறி அரசாங்கம் இக்கடமையிலிருந்து விலக இயலாது என்றும் அது உரைத்தது. நுட்பமான குறியீடுகளைத் தேடுமுன், காயமுற்றவர் உரிய இடத்தை உரிய நேரத்தில் அடையும் வழியைச் செம்மைப்படுத்துவது அனைவரின் கடமை.

களப் பணியாளர்களுக்கு இதில் பெரும் பங்கு உண்டு. மணிக்கட்டு அறுபட்டால், தூய துணியை வைத்து உள்ளங்கையால் அழுத்தமாகப் பிடித்து, கையை இதயத்தினும் உயர்த்தி வைத்தல் வேண்டும். துணி நனைந்தால் அதை எடுக்காமல், மேலே மற்றொன்றை வைத்து அழுத்த வேண்டும். காப்பித் தூள், மஞ்சள், சுண்ணாம்பு முதலியவற்றை அப்பலாகாது. மெல்லிய கயிற்றாலோ கம்பியாலோ இறுகக் கட்டலாகாது; அது நரம்பை நசுக்கும். மோதிரத்தையும் வளையலையும் வீக்கம் வருமுன் கழற்ற வேண்டும். வங்காளத்தில் மணமான பெண்கள் அணியும் சங்கு வளையலும், நம் பக்கத்தில் கழற்றக் கூசும் கண்ணாடி வளையலும் மங்கலச் சின்னங்கள் ஆதலால், காரணத்தைக் கனிவோடு எடுத்துரைத்தே கழற்ற வேண்டும். காயம் பட்ட நேரத்தைச் சீட்டில் எழுதி நோயாளியுடன் அனுப்புவது மருத்துவருக்குப் பேருதவியாகும். காயம் தமக்குத் தாமே விளைத்துக் கொண்டதாக இருப்பினும், கடிந்துரையாமல் அதே அக்கறையோடு நடத்தி, மனநல உதவிக்கும் வழி செய்தல் வேண்டும்.

ஆசிரியர்கள் இப்பொருளை வகுப்பிலேயே விளக்கலாம். ஒரு பானையில் கறுப்பும் வெள்ளையுமான மணிகளை எட்டுக்கு ஒன்று என்னும் வீதத்தில் கலந்து, மாணவர்களை ஐம்பது ஐம்பதாக எடுத்து எண்ணச் செய்தால், ஒவ்வொருவரும் வெவ்வேறு விகிதத்தோடு வந்து நிற்பர். ஐம்பதுக்குப் பதில் இருநூறு எடுத்தால் அவர்களின் விடைகள் ஒன்றையொன்று நெருங்கும். எண்ணை மதிக்கவும், எண்ணை ஐயுறவும் ஒருங்கே கற்பிக்கும் பாடம் இது. விஞ்ஞான மனப்பான்மை என்பது இவ்விரண்டும் சேர்ந்ததே.

இரத்தம் பலவற்றைச் சொல்லும்; ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே சொல்லும். கேள்வியைச் செம்மையாகக் கேட்கும் ஆராய்ச்சி வளரட்டும். அது முதிரும் வரையில், அழுத்திப் பிடிக்கத் தெரிந்த அண்டை வீட்டாரும், காலந்தாழ்த்தாத வண்டியும், திறந்திருக்கும் மருத்துவமனைக் கதவுமே தொழிலாளியின் கையைக் காக்கும்.